முன்வீடு நிற்க, பின்னால் மாடி: திருகோணமலைத் தெருவில் பழைய வீட்டோடு புதிய கட்டடம் கட்டும் முறை

திருகோணமலை நகரின் பிரதான வீதி, மத்திய வீதி, அவற்றை ஒட்டிய உட்தெருக்களில் இன்னும் நிற்கிற பழைய வீடுகளுக்குப் பெரும்பாலும் ஒரே அமைப்புத்தான். சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய தடித்த சுவர், தெருவைப் பார்த்த விறாந்தை, மேலே ஓடு. காணி உறுதியில் உள்ள பெயர்களில் பாதி கனடாவில் இருக்கும். பேச்சு வரும்போது இரண்டு யோசனைதான் மேசைக்கு வரும்: இடித்துவிட்டு நான்கு மாடி, அல்லது பூட்டிவிட்டு மழைக்கு விடுவது. மூன்றாவது வழி ஒன்று உண்டு. முன்வீட்டை வைத்துக்கொண்டு பின்வளவில் மாடி கட்டலாம். காணி ஆழமாக இருந்தால் பரப்பளவிலும் பெரிய நட்டம் வராது.

இந்த வேலையைக் கனேடிய நகரங்கள் ஐம்பது வருடங்களாகச் செய்து, கெடுத்து, திருத்திப் பழகியிருக்கின்றன. அங்கே மரபுக் கட்டடங்களைப் பேணுவதற்கு நாடு முழுவதற்குமான ஒரு வழிகாட்டி 2003இல் வந்தது. இரண்டாம் பதிப்பு 2010இல். பழையதோடு சேர்த்துக் கட்டும் எதற்கும் அது மூன்று நிபந்தனை வைக்கிறது: பழையதோடு பொருந்த வேண்டும், அதற்கு அடங்கி நிற்க வேண்டும், எது பழையது எது புதியது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். பழைய பாணியில் போலித் தூண் வைத்த புதிய மாடி மூன்றாவது நிபந்தனையில் தோற்கும். கண்ணாடிப் பெட்டியை ஓட்டுக் கூரைக்கு மேல் தூக்கி வைப்பது முதல் இரண்டிலும் தோற்கும். கீழே சொல்வதெல்லாம் இந்த மூன்றையும் எங்கள் தெரு அளவுக்கு இறக்கியதுதான்.

முதலில் கடதாசி வேலை

மேசனைக் கூப்பிட முன் நில அளவைப் படத்தையும் உறுதியையும் எடுத்துக்கொண்டு உள்ளூராட்சி மன்றத்துக்குப் போய்த் தெருக்கோட்டுச் சான்றிதழ் எடுங்கள். பழைய விறாந்தை இன்றைய கட்டடக் கோட்டுக்கு (தெருவிலிருந்து கட்டடம் விலகி நிற்க வேண்டிய எல்லைக்கு) வெளியே துருத்திக்கொண்டிருக்கலாம். இருப்பதைப் பழுதுபார்ப்பதும், இடித்துவிட்டுத் திரும்பக் கட்டுவதும் ஒன்றல்ல. ஒருமுறை இடித்தால் அதே இடத்தில் மறுபடி எழுப்ப அனுமதி கிடைக்காமல் போகலாம். ஆகவே விறாந்தையை வரைபடத்தில் "இருக்கும் கட்டடம், திருத்தம் மட்டும்" என்று தெளிவாகக் காட்டுங்கள். பிரதான பாதையோரக் காணி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் எல்லையையும் கேட்க வேண்டும்.

நகரம் இரண்டு குடாக்களுக்கு இடையில் கிடக்கிறது. கரையோரம் பேணல் சட்டம் சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றரைக் கரையோர வலயமாகக் கொள்வதால், கடல் கண்ணுக்கே தெரியாத பல வளவுகளும் அதற்குள் விழும். தூரத்தை அளந்து பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். பிரெட்றிக் கோட்டைப் பக்கம் காணி உள்ளவர்கள் தொல்பொருள் திணைக்களத்தை முதலிலேயே கேட்பது நல்லது. தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்ட கட்டடங்களைப் புராதனச் சின்னமாகக் கருதுகிறது. அதற்குப் பிந்திய வீடுகளுக்கு அந்தப் பாதுகாப்பு தானாக வராது. எங்கள் தெருக்களில் நிற்பவை பெரும்பாலும் அப்படிப்பட்டவை. அவற்றை வைத்திருப்பதும் விடுவதும் உரிமையாளர் கையில்தான்.

கனடாவில் இருப்பவர் கையெழுத்துக்கு அற்றோணித் தத்துவம், அதாவது அவருக்காக இங்குள்ள ஒருவர் கையெழுத்திட எழுத்தில் தரும் அதிகாரம், தேவைப்படும். ரொறன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி, இங்கே பதிவு செய்த பிறகுதான் அது செல்லும். "காணி தொடர்பான எல்லா விடயமும்" என்று எழுதாமல் திருத்தம், கட்டட அனுமதி, ஒப்பந்தம் என்று பிரித்து எழுதுங்கள். இடிப்பதற்கு அதிகாரம் உண்டா இல்லையா என்பதும் அதில் ஒரு வரியாக இருக்கட்டும். சகோதரச் சண்டைகளில் பாதி அந்த ஒரு வரி இல்லாததால் வருவதே.

ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்திடமிருந்து எடுக்கத்தக்க பழக்கம் ஒன்று. அங்கே மரபுக் கட்டடமாகப் பதியும்போது, அந்தக் கட்டடத்தில் எவை எவை பெறுமதியானவை என்று பட்டியலிட்டே சட்டத்தில் சேர்ப்பார்கள். பட்டியலில் உள்ளதைத் தொட்டால் அனுமதி எடுக்க வேண்டும். 1975இல் வந்த சட்டம் முதலில் இடிப்பைத் தள்ளிப்போட மட்டுமே இடம் தந்தது. மறுக்கும் அதிகாரம் 2005 திருத்தத்தோடுதான் வந்தது. இடைப்பட்ட முப்பது வருடத்தில் காத்திருந்து இடித்தவர்கள் அங்கேயும் உண்டு. உங்கள் வீட்டுக்கும் ஒரு பக்கத்தில் அப்படியொரு பட்டியல் எழுதுங்கள்: விறாந்தைத் தூண்கள், கதவுக்கு மேலுள்ள காற்றுப் பலகணி, கூரைச் சாய்வு, முன்சுவரின் தடிப்பு. ஒப்பந்தக்காரரின் கையெழுத்தை அந்தத் தாளிலும் வாங்குங்கள்.

தெருவை அளத்தல்

வீட்டை மட்டும் அளந்தால் போதாது. இரு பக்கமும் இரண்டிரண்டு வீடுகளைச் சேர்த்து முன்தோற்றம் வரைய வேண்டும். எதிர்ப் பக்கத்தில் நின்று, கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து, தெருவுக்குச் சமாந்தரமாக மூன்று மூன்று மீற்றர் நகர்ந்து படமெடுங்கள். ஒவ்வொரு படமும் முந்தியதன் மூன்றிலொரு பங்கையாவது மூடட்டும். கைப்பேசியை அண்ணாந்து சாய்த்தால் சுவர்கள் மேலே குவிந்து தெரியும். அந்தப் படம் அளவுக்கு உதவாது. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு மீற்றர்க் கம்பை நிமிர்த்தி வைத்தே எடுங்கள்.

பிறகு ஐந்து உயரங்களை நாடாவால் நேரில் அளந்து குறியுங்கள்: அத்திவார மேடை, யன்னல் அடி, கதவுத் தலை, இறவாரம், முகடு. 100க்கு 1 அளவில் வரைந்து ஐந்து கோட்டையும் தெரு நீளத்துக்கு இழுத்துப் பார்த்தால் இரண்டு மூன்று கோடுகள் வீட்டுக்கு வீடு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஓடுவது தெரியும். புதிய கட்டடம் தெருவிலிருந்து தெரியும் இடமெல்லாம் அந்தக் கோடுகளில் இரண்டையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். இறவாரக் கோட்டை உடைப்பதுதான் கண்ணில் அதிகம் உறுத்தும்.

மாடி எவ்வளவு பின்னால்?

கணக்கு எளிது. எதிர்ப் பக்கத்தில் நிற்பவரின் கண் உயரம் 1.6 மீற்றர். அவர் முன்சுவரிலிருந்து 8 மீற்றர் தள்ளி நிற்கிறார். பழைய வீட்டின் முகடு 5.6 மீற்றர் உயரம், முன்சுவரிலிருந்து 4 மீற்றர் உள்ளே. கண்ணிலிருந்து முகட்டுக்குப் போகும் கோடு 12 மீற்றர் தூரத்தில் 4 மீற்றர் ஏறுகிறது, அதாவது மூன்றுக்கு ஒன்று. புதிய மாடியின் உச்சி 6.8 மீற்றர் என்றால் கண்ணுக்கு மேலே 5.2. மூன்றால் பெருக்க 15.6 மீற்றர். அதில் தெருவின் 8 மீற்றரைக் கழித்தால் 7.6. முன்சுவரிலிருந்து 7.6 மீற்றர், அதாவது 25 அடி, பின்னால் தொடங்கும் மாடி எதிர்ப் பக்கத்து ஆளுக்குத் தெரியாது.

காணியில் அவ்வளவு ஆழம் இல்லை, 5 மீற்றர்தான் பின்வாங்கலாம் என்றால் முகட்டுக்கு மேல் அரை ஆள் உயரம் தெரியும். அது பெரிய குற்றமில்லை. அந்தப் பகுதி வெறும் சுவராக, மங்கிய நிறத்தில், தண்ணீர்த் தாங்கியும் கம்பி முனைகளும் இல்லாமல் இருக்கட்டும். கணக்கை நம்பாதவர்கள் உத்தேச உயரத்துக்கு மூங்கில் நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டி, தெருவில் நடந்து பார்க்கலாம். தெரு முனையிலிருந்தும் பாருங்கள். நேரே பார்க்கும்போது மறைவது பக்கவாட்டில் காட்டிக்கொடுக்கும்.

பக்கத்துக் காணி வெறுமையாக இருந்து அதில் முழுக்கப் புதிதாக எழுப்புவோருக்கு ரொறன்ரோவின் இன்னொரு அளவுகோல் உதவும். நடுத்தர உயரக் கட்டடங்களுக்கென 2010இல் வந்த வழிகாட்டலில் கட்டடத்தின் உயரம் தெருவின் அகலத்தைத் தாண்டக்கூடாது என்றிருந்தது. அகலத்தின் 80 வீதம் வரை நேராக ஏறி, அதற்கு மேல் 45 பாகை சாய்வுக்குள் பின்வாங்க வேண்டியிருந்தது. 20 மீற்றர் தெருவில் 16 மீற்றர் நேராக, மேலே 4 மீற்றர் பின்வாங்கலோடு. அதே விகிதத்தை மதிலிலிருந்து மதில்வரை 8 மீற்றர் உள்ள எங்கள் தெருவில் வைத்தால் 6.4 மீற்றர் நேராக, உச்சி 8 மீற்றர்: இரண்டு மாடியும் ஒரு கைபிடிச் சுவரும். இது இலங்கைச் சட்டமல்ல. ஆனால் நான்கு மாடி கேட்கும் பங்காளிக்குக் காட்ட ஒரு எண் கையில் இருக்கும்.

முகத்தை மட்டும் வைத்திருப்பது

முன்சுவரை மட்டும் நிறுத்தி, பின்னால் எல்லாவற்றையும் வழித்தெடுத்துக் கோபுரம் எழுப்புவது கனேடிய நகர மையங்களில் சாதாரணம். ரொறன்ரோவின் புறூக்ஃபீல்ட் பிளேசில் பழைய வங்கியொன்றின் முகப்பு கண்ணாடிக் கூரைக்குக் கீழே நிற்பதைப் பலர் கண்டிருப்பார்கள். அது கவனமாகச் செய்த வேலை. அப்படிச் செய்ய இரும்புச் சட்டமும் பொறியியலாளரும் பணமும் வேண்டும். எங்கள் ஊரில் அத்திவாரம் ஆழமில்லாத, சுண்ணாம்புச் சாந்துச் சுவரைக் குறுக்குச் சுவர்களிலிருந்து வெட்டித் தனியே நிறுத்தினால் ஒரு மாரிக்குத் தாங்காது. முகத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் முன் அறைகளின் முழு ஆழத்தையும், குறுக்குச் சுவர்களையும், அவற்றின் கூரையையும் சேர்த்தே வைத்திருங்கள். அதைவிடக் குறைந்தால் இடித்துவிட்டு நல்ல புதிய வீடு கட்டுவதே நேர்மை.

சுவர்

அதிகம் கெடுவது இங்கேதான். கெடுப்பது பெரும்பாலும் சீமெந்து. ரொறன்ரோவின் விக்டோரியாக் காலச் செங்கல் வீடுகளில் சுண்ணாம்பு மூட்டுகளைச் சுரண்டிவிட்டுச் சீமெந்து பூசினார்கள். கல் குடித்த ஈரம் மூட்டால் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள்ளேயே நின்று, குளிரில் உறைந்து, முகத்தை உதிர்த்தது. எங்களுக்கு உறைபனி இல்லை, உப்பு இருக்கிறது. நிலத்திலிருந்தும் கடற்காற்றிலிருந்தும் சுவருக்குள் போன உப்பு, ஈரம் காயும் இடத்தில் பளிங்காகி விரியும். சுண்ணாம்புப் பூச்சில் அது வெளி முகத்தில் பூக்கும், தூரிகையால் தட்டிவிடலாம். சீமெந்துப் பூச்சுக்குப் பின்னால் பூத்தால் பூச்சு பாளமாகக் கழன்று விழும், கூடவே செங்கல்லின் தோலும் போகும். பழைய சுவரில் போடும் எந்தப் பொருளும் அந்தச் சுவரைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

பூச்சு எதனால் ஆனது என்று தெரியாவிட்டால் ஆணியால் கீறுங்கள். சுண்ணாம்பு மாவாக உதிரும். சீமெந்தில் கோடு மட்டும் விழும்.

வேலையைத் தொடங்க வேண்டியது சுவருக்கு வெளியே. வருடக்கணக்காகத் தார் மேல் தார் போட்டதில் தெரு உயர்ந்து, பல பழைய வீடுகளின் தரைமட்டத்துக்கே வந்துவிட்டது. சுவரோர மண்ணை உள்தரையைவிட 150 மி.மீ. தாழ்வாக வழித்தெடுங்கள். வழிக்க முடியாத இடத்தில் 300 மி.மீ. அகலத்துக்குக் கான் வெட்டிக் கல் நிரப்பி வடிகாலோடு சேருங்கள். அத்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே மட்டும் போகக்கூடாது. இதைச் செய்யாமல் ஈரம் ஏறிய அடிச்சுவருக்கு மூன்று அடி சீமெந்து அடித்தால் ஈரம் நிற்காது. காய வழி தேடி ஐந்தடிக்கு ஏறும்.

கழன்ற சீமெந்தை உளியால் கையாலே எடுங்கள். கிரைண்டர் செங்கல்லை வெட்டும். மூட்டுகளை 20 முதல் 25 மி.மீ. ஆழம் சுரண்டி, உலர்ந்த தூரிகையால் உப்பைத் தட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். கழுவாதீர்கள், கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். ஒரு கோடை முழுக்கச் சுவரை வெறுமையாகக் காய விடுவது மிக நல்லது. அதற்குப் பொறுமை உள்ள உரிமையாளர் அரிது.

சுண்ணாம்புக்கு முருகைக்கல் தேட வேண்டாம். கரையோர வலயத்தில் அதை அள்ளுவது சட்டப்படி தடை. சுண்ணக்கல் அல்லது தொலமைற்றுச் சுண்ணாம்பு வாங்குங்கள். சுட்ட கட்டியாகக் கிடைத்தால் தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக. மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது. நீற்றிய களியை மேலே தண்ணீர் நிற்க மூடி வைத்து, குறைந்தது சில கிழமைகள், முடிந்தால் மூன்று மாதம் புளிக்க விடுங்கள். நீறாத துணுக்குகள் பூச்சுக்குள் போனால் பின்னர் ஊதி, சின்னச் சின்னக் குழிகளாகத் தெறிக்கும்.

மணல் ஆற்று மணலாக இருக்கட்டும். கடற்கரை மணலில் உப்பை நீங்களே விலை கொடுத்து வாங்குகிறீர்கள். போத்தலில் பாதிக்கு மணலும் மேலே தண்ணீரும் விட்டுக் குலுக்கி மூன்று மணித்தியாலம் வையுங்கள். மேலே படியும் சேறு மணல் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த லோட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

கலவை: களி 1, மணல் 3. மழைச்சாரல் நேரே அடிக்கும் முன்சுவருக்குக் களி 2, செங்கல் தூள் 1, மணல் 5. அந்தத் தூள், குறைவாகச் சுட்ட செங்கல்லிலிருந்து, மாவாக அரித்ததாக இருக்க வேண்டும். அடிப்பூச்சு 10 முதல் 12 மி.மீ., இரண்டாவது 8 மி.மீ., முடிப்பு 2 அல்லது 3 மி.மீ. ஒரே தடவையில் முழுக் கனத்தையும் ஏற்றினால் சொந்தப் பாரத்தில் தொய்ந்து வெடிக்கும். 100 சதுர அடிக்கு 20 மி.மீ. கனத்தில் மணல் ஏறத்தாழ 7½ கன அடி, களி 2½ கன அடி, கழிவும் சேர்த்து. ஒரு கியூப் (100 கன அடி) மணல் 1,300 சதுர அடிக்கு வரும். வளைந்து நெளிந்த சுவர் என்றால் மூன்றிலொரு பங்கு கூடுதலாக எடுங்கள்.

"கொஞ்சம் சீமெந்து போட்டால் கெதியாக இறுகும்" என்று மேசன் சொல்வார். அவருக்கு நாட்கூலிக் கணக்கு, சொல்வதில் பிழையில்லை. இறுக வைக்கும் வேலையைச் செங்கல் தூளே செய்யும்; அதை நீங்களே முன்கூட்டி அரித்து வைத்திருந்தால் பேச்சு அதோடு முடியும்.

பூசும்முன் சுவரை நன்றாக நனையுங்கள். பூசிய பின் ஏழு நாளாவது நனைத்த சாக்குத் தொங்கவிடுங்கள். கச்சான் காற்று வீசும் நாட்களில் சாக்கில்லாத பூச்சு அன்று மாலையே சிலந்தி வலைபோல வெடிக்கும். இறுதியில் சுண்ணாம்புப் பால், பால் அளவுக்கே மெல்லியதாக, நான்கைந்து தரம். நிறமூட்டி சுண்ணாம்பின் எடையில் 10 வீதத்துக்கு மேல் வேண்டாம். எமல்ஷன் தீந்தை இதற்கு மேல் அடித்தால் செய்த வேலையெல்லாம் வீண், சுவர் மறுபடி மூச்சுமுட்டும்.

பழையதும் புதியதும் சந்திக்கும் இடம்

புதிய கொங்கிறீற்றைப் பழைய சுவரோடு கம்பி வைத்துக் கட்டாதீர்கள். இரண்டும் வெவ்வேறு அளவில் அமரும். மணல் நிலத்தில் அது உறுதி. கட்டினால் வெடிப்பு பழைய சுவரில்தான் வரும். சிறந்த ஏற்பாடு இரண்டுக்கும் நடுவே 1.2 முதல் 1.5 மீற்றர் அகலமான, தாழ்ந்த கூரையுள்ள நடை. அதன் கூரை பழைய இறவாரத்துக்குக் கீழே நுழைய வேண்டும். நெருக்கிக் கட்டியே ஆக வேண்டுமானால் 25 மி.மீ. இடைவெளி விட்டு மேலே தகட்டால் மூடி விடுங்கள்.

புதிய அத்திவாரக் குழி பழைய அத்திவாரத்தின் அடி விளிம்பிலிருந்து கீழ்நோக்கி இழுத்த 45 பாகைக் கோட்டுக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே வந்தால் ஒரு மீற்றர் வெட்டி நிரப்பி, ஒரு மீற்றர் விட்டு, அடுத்ததை வெட்ட வேண்டும், அதுவும் பொறியியலாளர் பார்க்க. முழு நீளத்தையும் ஒரே நாளில் பெக்கோவால் தோண்டுவதுதான் பழைய சுவர் சாய்வதற்கு வழக்கமான காரணம். கடலுக்கு அருகே கம்பிக்கு மேல் 40 முதல் 50 மி.மீ. கொங்கிறீற் மூட வேண்டும். வெளியே தெரியும் ஆணி, திருகாணிகள் 316 தரத் துருவேறா உருக்காக இருக்கட்டும்.

கூரையும் கடைமுகப்பும்

ஓட்டை இறக்கிச் சீற் போட்டால் பாரம் குறையும். கைமரமும் வளையும் உயர்த்தும் காற்றுக்கு முன் நிற்பது அந்தப் பாரத்தால்தான். 1964 சூறாவளியைக் கண்ட ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கலிகட் ஓட்டை அடுக்கி இறக்கி, உடைந்ததை மாற்றி, நல்லவற்றைத் தெருப் பக்கச் சாய்வுக்கும் புதியவற்றைப் பின்பக்கத்துக்கும் போடுங்கள்.

கடைக்காக விறாந்தையை அடைக்கவே வேண்டாம். வெயிலுக்கு ஒதுங்கும் ஆள்தான் உள்ளே வந்து வாங்குவார். அலுமினியக் கிளாடிங் காற்றுப் பலகணியை மூடி, பின்னால் மழைநீரையும் ஒளித்து வைக்கும். பெயர்ப்பலகை இறவாரத்துக்குக் கீழே, கதவு அகலத்துக்குள், துளை செங்கல்லில் விழாமல் மூட்டில் விழ. குளிரூட்டியின் வெளிப்பெட்டி பக்கச் சுவரில். அதன் தண்ணீர் குழாய் வழியே கானுக்கு.

எந்த மாதம் எதை

சுரண்டலும் உப்பெடுப்பும் தை முடிந்ததும். பூச்சு மாசியிலிருந்து ஆவணி வரை, கச்சான் நாட்களில் சாக்கோடு. அத்திவாரக் குழி நிலத்தடி நீர் தாழ்ந்திருக்கும் ஆடி, ஆவணியில். ஐப்பசி மழைக்கு முன் வெறுமையான சுவர் எதுவும் வெளியே நிற்கக்கூடாது. முடியாத பகுதியைத் தறப்பாளால் மூடுங்கள், தறப்பாள் சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் விலகித் தொங்கட்டும். முடிந்த வீட்டுக்கு ஒவ்வொரு புரட்டாசியிலும் பீலிகளைத் துப்புரவாக்கி, ஏணி வைத்து விலகிய ஓடுகளைச் சரிசெய்து, சாரல் அடிக்கும் சுவருக்கு ஒரு கை சுண்ணாம்புப் பால் அடித்தால் போதும்.